ஆரஞ்சு கோட்டு போட்ட கடைசி ஆள்

சைக்கிள் சவாரியில் கடைசி ஆளாக வருவதும் ஒரு வேலைதான். அதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோட்டு, கழுத்துக்கு ஒரு விசில் எல்லாம் கொடுத்து, ‘உங்களுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்கூட இருக்கக் கூடாது’ என்று சொல்லி அனுப்புவார்கள். என்றைக்காவது நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு, உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் நீங்களும் என் கட்சி. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

வருஷா வருஷம் மே மாதத்தில், திருச்சியே மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடக்கும்போது, எழுநூறு எண்ணூறு பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். ஏன் என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது. மூன்று நாள் பயணம். ஸ்ரீரங்கத்தில் தொடங்கி, காவிரியின் தென்கரையோடு கரூர், மறுநாள் நாமக்கல் போய் முசிறி, மூன்றாம் நாள் வடகரையோடு திரும்ப ஸ்ரீரங்கம். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மைதானத்துக் கேட்டை மூடுவார்கள். அதற்குள் வந்தால் மெடல், வராவிட்டால் ஒரு டம்ளர் மோர்.

அலமாரியில் ஓர் ஆணி

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். பதினெட்டு வருஷமாக வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘ஓடு, ஓடு’ என்று விசில் ஊதிக்கொண்டிருப்பவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வீராப்பில் இந்தப் பயணத்தில் பேர் கொடுத்துவிட்டேன். எங்கள் ஹெச்.எம். சிஸ்டர் அதைப் பிரேயரில் அறிவித்ததோடு நிற்காமல், கோப்பைகள் வைக்கும் அலமாரியில் என் மெடலுக்கு என்று ஓர் ஆணியும் அடித்துவிட்டார். முதல் வருஷம் பெட்டவாய்த்தலையில் படுத்தேன். இரண்டாம் வருஷம் குளித்தலை. மூன்றாம் வருஷம் மாயனூர். முன்னேற்றம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆணியில் கணக்கு டீச்சர் குடையை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருஷம் மெடல் இல்லாமல் பள்ளிக்குள் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். பயணத்தை நடத்துகிற கார்த்திக் தம்பியிடம் போய், கடைசி ஆள் வேலையை எனக்குக் கொடு என்று கேட்டேன். கணக்கு எளிது. வேகமாக மிதிக்க வேண்டாம். முடியாதவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வண்டியில் ஏறிவிடுவார்கள், மிச்சம் இருப்பவர்களுக்குப் பின்னால் நான் நிதானமாகப் போய் மெடலை வாங்கிக்கொள்ளலாம். ஆறு பக்க விதிமுறைத் தாளை நீட்டினான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். கார்த்திக் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னான்: “கடைசியா வர்றதுல உங்களைவிட அனுபவம் உள்ள ஆளு நம்ம ஊர்ல யாரு மாஸ்டர் இருக்கா?”

ஜன்னலோர சீட்டு

முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் வரும். அதிகாரப்பூர்வமாக அதற்கு ஏதோ கௌரவமான பெயர் உண்டு. நாங்கள் சொல்வது குப்பை வண்டி. ஓட்டுகிறவர் நத்தர் பாய். பெரிய கடைவீதிப் பக்கம் வீடு, பத்து வருஷம் கத்தாரில் லாரி ஓட்டியவர். மூன்று வருஷமும் என்னைத் தோளோடு அணைத்து ஏற்றி, முகத்தில் தண்ணீர் தெளித்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போன மனிதர். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் அந்த வேன் திரும்பினாலே என் மனைவி ஸ்டெல்லா வெந்நீர் போட்டுவிடுவாள்.

இந்த வருஷம் காலை ஐந்து மணிக்கு ஆரஞ்சுக் கோட்டில் என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த முறை நான் ஏற மாட்டேன், மற்றவர்களை ஏற்றிவிடப் போகிறவன் என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வேன் கதவைத் திறந்து காட்டினார்: “இருக்கட்டும் மாஸ்டர், எதுக்கும் உங்க ஜன்னலோர சீட்டைத் தொடைச்சு வச்சிருக்கேன்.”

பாலம் தாண்டியவர்

ஆரஞ்சுக் கோட்டின் முதல் சட்டம், எவ்வளவு மெதுவாகப் போனாலும் முன்னால் இருப்பவரைத் தாண்டக் கூடாது. என் முன்னால் இருந்தவர் ரங்கநாயகி மாமி. வயது அறுபத்து மூன்று. ஸ்ரீரங்கத்துக்காரர். இன்சூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்னால் கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள், சுடிதார், நெற்றியில் திருச்சூர்ணம், தலைக்கு ஹெல்மெட். கூடையில் ஒரு பெரிய டிபன் கேரியர். ஹேண்டில்பாரில், நான் படிக்காத அந்த விதிமுறைத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியிருந்தார். நான் ‘மேடம்’ என்றதும், மேடம் என்றால் ஆபீஸ் ஞாபகம் வருகிறது, மாமி என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

காவிரிப் பாலம் ஏறியதுமே நிறுத்திவிட்டார். மூச்சு வாங்குகிறதோ, முதல் கிலோமீட்டரிலேயே வண்டியில் ஏற்றிவிடலாமோ என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதெல்லாம் இல்லை. சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “நாப்பது வருஷமா சித்திரை வீதி, உத்திர வீதின்னு சைக்கிள்ல சுத்தியாச்சு மாஸ்டர். மொதல்ல அப்பா, அப்புறம் ஆத்துக்காரர், இப்போ அமெரிக்காவுலேர்ந்து பிள்ளை, எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னா, பாலம் தாண்டாதேன்னு.”

ஜீயபுரத்தில் இளைப்பாறல்

குடமுருட்டி தாண்டி, இருபக்கமும் வாழைத்தோப்பு வர ஆரம்பித்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எழுநூற்றுச் சொச்சம் பேரும் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். ஜீயபுரத்தில் மாமி திடீரென்று இறங்கி சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். பங்குனித் திருநாளில் உற்சவர் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டு வந்து தங்குகிற மண்டபம் அங்கே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேவித்து, ஏதோ பாசுரம் சொல்லி, பிறகு நிதானமாக மண்டபத்து நிழலில் உட்கார்ந்து கேரியரின் முதல் அடுக்கைத் திறந்தார்.

நான் கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினேன். மாமி, நாம் கிளம்பி இன்னும் பதினைந்து கிலோமீட்டர்கூட ஆகவில்லை, மாலைக்குள் கரூர் போய்ச் சேர வேண்டும் என்றேன். அவர் புளியோதரையை எனக்கும் ஓர் இலையில் வைத்தார். “பல்லக்குல வர நம்பெருமாளே இங்கே இளைப்பாறிட்டுத்தான் திரும்பறார். மிதிச்சுண்டு வர நாம அவரைவிடப் பெரிய ஆளா?”

சிவனுக்கு ஸ்தோத்திரம்

அதன் பிறகு ஒவ்வொரு கோபுரமும் தூரத்தில் தெரியும்போது நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பின் பெஞ்சில் உட்கார்ந்து நழுவுகிறவன். காவிரிக் கரையில் எத்தனை கோயில்கள் இருக்கின்றன என்று அன்றுதான் கவனித்தேன். திருப்பராய்த்துறையில் கோபுரம் தெரிந்தது. சரி, இங்கே ஒரு அரை மணி என்று பிரேக்கில் கை வைத்தேன். மாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போனார். குளித்தலையிலும் அப்படியே. பிறகுதான் விளங்கியது, அவை இரண்டும் சிவன் கோயில்கள்.

ஒரு கத்தோலிக்கன், தென்கரை முழுக்கச் சிவன் கோயிலாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மிதித்தது அன்றைக்குத்தான் நடந்திருக்கும். மனசு கேட்காமல், ஏன் மாமி இங்கே இறங்கவில்லை என்று கேட்டும்விட்டேன். அவர் மணியை ஒருமுறை அடித்தார். “அவரைப் பார்த்துக்க அவருக்குன்னு மனுஷா நிறையப் பேர் இருக்கா மாஸ்டர், நீங்க மிதிங்கோ.”

கடைசி வாழைப்பழம்

கடைசி ஆளாகப் போகிறவர்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். வழியில் பந்தல் போட்டு வாழைப்பழம், மோர், கடலைமிட்டாய் எல்லாம் வைத்திருப்பார்கள் என்று அறிவிப்பில் போட்டிருக்கும். அது முன்னால் போகிறவர்களுக்கு. நாங்கள் போய்ச் சேரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். மாயனூரில் ஒரு தொண்டர் தார்க்காம்பைத் தூக்கிக் காட்டி, இதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள் என்றார். மூன்று நாளும் என்னை உயிரோடு வைத்தது மாமியின் கேரியர்தான். புளியோதரை, தயிர்சாதம், மாவடு, தட்டை. இரவு தங்குகிற மண்டபத்தில்கூட ஒரு மூலையில் சின்ன ஸ்டவ்வை வைத்து மறுநாளைக்குத் தளிகை பண்ணிவிடுவார்.

அந்த மாயனூர், போன வருஷம் நான் விழுந்த இடம். அதைத் தாண்டும்போது பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினேன். பக்கத்தில் வேனை உருட்டிக்கொண்டு வந்த நத்தர் பாய் தலையை வெளியே நீட்டினார்: “மாஷா அல்லாஹ் மாஸ்டர், இனிமே உங்களை எங்கே எறக்கி ஏத்தணும்னு எனக்கே தெரியாத ஏரியா.”

ஒரு சதி

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் நான் ஒரு சதி செய்தேன். முதல் நாள் சாயங்காலம் கரூரில் ரங்கநாதர் கோயிலில் ஒரு மணி நேரம் போயிருந்தது. நாமக்கல்லில் நரசிம்மர், எதிரே ஆஞ்சநேயர், கூடவே மலைக்கோட்டையில் இன்னொரு ரங்கநாதர். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமி மட்டும் வண்டியில் ஏறிவிட்டால் அடுத்த கடைசி ஆள் அரை மணி முன்னால் போகிற ஒரு காலேஜ் பையன். அவனைப் பிடித்துவிட்டால் மெடல் நிச்சயம். நத்தர் பாயைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்களே மாமியிடம் பக்குவமாகப் பேசுங்கள் என்றேன். எனக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்து அவரும் போனார்.

மரத்தடியில் இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். கத்தார் வெயில், அமெரிக்கப் பிள்ளை, முட்டிவலிக்குத் தைலம் எல்லாம் பேசினார்கள். கடைசியில் மாமி எழுந்து வந்து, கேரியர், ஸ்டவ், துணிப்பை எல்லாவற்றையும் வேனில் வைத்தார். எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. நல்லெண்ணத்தைக் காட்டிக்கொள்ள, காற்றடிக்கிற பம்பும் பஞ்சர் சாமானும் இருந்த என் பையையும் அதில் போட்டேன். மாமி கதவைச் சாத்திவிட்டு, எடை குறைந்த சைக்கிளில் சட்டென்று ஏறி உட்கார்ந்தார். “பாரத்தை ஏத்திக்கோங்கோன்னுதான் பாய்கிட்டே சொன்னேன், நான் ஏறறேன்னு எப்போ சொன்னேன்?”

குணசீலம்

மூன்றாம் நாள் முசிறியிலிருந்து கிளம்பும்போது வெயில் சுரீர் என்று ஏறிவிட்டது. குணசீலத்துக்கு வரும்போது மணி ஒன்பதரை. பெருமாள் கோயில். மாமி இறங்கினார். உள்ளே கூட்டம். வெளியே நான் கோட்டுக்குள் வெந்துகொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவர் துளசியோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்ததும் நான் வெடித்துவிட்டேன். உங்களுக்கு இது பொழுதுபோக்கு, எனக்கு மானப் பிரச்சினை, பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். உங்கள் பிள்ளை சொன்னது சரிதான், நீங்கள் பாலம் தாண்டியிருக்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று நாளாக எனக்குச் சோறு போட்ட மனுஷி. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி மிதித்தார். வாத்தலையும் நொச்சியமும் கடந்து போயின. எனக்கு மெடல் ஆசையே பாதி போய்விட்டது. டோல்கேட் நெருங்கும்போதுதான் திரும்பாமலே கேட்டார்: “கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த ஆறு பக்கத்தைப் படிச்சேளா மாஸ்டர்?”

கொள்ளிடம் பாலத்தில்

படிக்கவில்லை என்று சொல்ல வாயெடுக்கும்போது என் பின் சக்கரம் ‘புஸ்’ என்றது. கொள்ளிடம் பாலத்தின் நடுவில், மணி பதினொன்று நாற்பது. பார்த்தால் ஓர் ஆணி. ஆணிகளுக்கு என்மேல் என்ன பிரியமோ. பம்பும் பஞ்சர் சாமானும் நத்தர் பாயின் வேனில். பாயோ யாரோ மயங்கி விழுந்தார்கள் என்று அரை மணிக்கு முன்னால்தான் எங்களைத் தாண்டிப் பறந்திருந்தார். நான் செய்த சதி சரியாக என் காலடியிலேயே வந்து விழுந்தது.

மாமி சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். நீங்கள் போங்கள் மாமி, உங்களுக்கு இருபது நிமிஷம் இருக்கிறது, மெடலை வாங்குங்கள் என்றேன். இந்த முறை மனசாரத்தான் சொன்னேன். ஆனாலும் ஒரு தடவையாவது மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. ஹேண்டில்பாரிலிருந்த விதிமுறைத் தாளைக் கழற்றி ஒரு பக்கத்தைத் தேடிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார், ஏறினார். மூன்று நாளில் இல்லாத வேகம். பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக நடந்தபோது எனக்கு அழுகை வந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, சைக்கிளை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, அது உங்களைக் கூட்டிட்டுப் போவுதா?”

தகரக் கேட்டு

மைதானத் தெருவில் நான் திரும்பும்போது மணி பன்னிரண்டே கால். மெடல் போனது, மோர் மட்டும்தான் என்று நடந்தேன். கேட்டருகே ஒரே கூட்டம். தகரக் கேட்டின் ஒரு கதவு சாத்தியிருந்தது. இன்னொரு கதவைச் சாத்த முடியாமல் கார்த்திக் நின்றுகொண்டிருந்தான். காரணம், கேட்டின் நடுவில் மாமியின் சைக்கிள். முன் சக்கரம் உள்ளே, பின் சக்கரம் வெளியே. சீட்டில் மாமி, கையில் அந்தத் தாள். பதினொன்று ஐம்பத்தைந்துக்கே வந்து இப்படி நின்றுவிட்டாராம்.

நான்காம் விதி, பகல் பன்னிரண்டுக்குக் கேட் மூடப்படும். பதினோராம் விதி, கடைசி ஆள் உள்ளே வந்த பிறகே கேட்டை மூட வேண்டும். பின்னால் வரும் விதிதான் முன்னால் இருப்பதைக் கட்டுப்படுத்தும், முப்பத்தைந்து வருஷம் இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன் என்று மாமி வாதாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு முதல் நாளே தெரியும். நான் அவருக்குப் பின்னால் இருக்கிறவரை அந்தக் கேட்டை யாரும் மூட முடியாது. அதனால்தான் ஒரு பெருமாளையும் விடாமல் நிதானமாகச் சேவித்துக்கொண்டு வந்திருக்கிறார். படிக்காத நான்தான் மூன்று நாளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மாமி, வெயில் தாங்கவில்லை, ஜனங்கள் எல்லாம் சாப்பிடப் போக வேண்டும், தயவுசெய்து உள்ளே வாருங்கள் என்று கார்த்திக் கையெடுத்துக் கும்பிட்டான். மாமி அசையவில்லை. என்னைப் பார்த்ததும்தான் ஓரமாக நகர்ந்து வழி விட்டார். குணசீலத்தில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் எனக்குக் காது கொடுக்காமல் கார்த்திக்கிடம் முடிவாகச் சொன்னார்: “ஏகாதசிக்குப் பரமபத வாசலையே கடைசி ஆள் நுழையற வரைக்கும் திறந்து வெச்சிருக்கா, உங்க தகரக் கேட்டுக்கு என்னப்பா அவசரம்?”

முதல் பிரேயர்

மாமிக்கும் மெடல், எனக்கும் மெடல். மாமி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து, ‘பாலம் தாண்டியாச்சு’ என்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பினார். என்னுடையதைப் பள்ளி திறந்த அன்று பிரேயரில் சிஸ்டர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, அலமாரி ஆணியில் மாட்டினார். கணக்கு டீச்சர் குடையோடு ஒதுங்கி நின்றார். வெற்றியின் ரகசியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

விடாமுயற்சி, உழைப்பு என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். நான் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைவதையும், மாமி கேட்டை மறித்து நிற்பதையும் யாரோ எடுத்து அனுப்பி, ஊர் முழுக்க எல்லார் வீட்டுப் போனுக்கும் அது வந்து சேர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்: “சார், அந்தப் பாட்டி மட்டும் உள்ள போயிருந்தா நீங்க ஃபெயில்தானே?”

இப்போதெல்லாம் எங்கள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை முடிவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது நான்தான், அதற்காகப் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘மாமி’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.